தானாக உடைந்த மடை

அறுப்பின் பண்டிகை. எங்கள் கோயிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய், வாழைத்தார், வேர்க்கடலை மூட்டை, கால் கட்டிய இரண்டு சேவல். ஐயர் கண்ணை மூடி ஜெபம் தொடங்கும்போதெல்லாம் அதில் ஒரு சேவல் கூவும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள்.

கோயில் என்றதும் திருத்தணி மலையை நினைத்துவிடாதீர்கள். முருகன் கோயிலை எங்கள் பக்கத்தில் ‘மலை’ என்றுதான் சொல்வார்கள். நான் சொல்வது ஊர்க்கோடியில் இருந்த ஓட்டுக்கூரைச் சபைக் கோயில். போதகரை ஐயர் என்பதும் எங்கள் வழக்கம்தான்.

தாத்தா முதல் கதிர்க்கட்டைத் தோளில் சுமந்து வந்து பீடத்தின் முன் இறக்கினார். வழக்கமாக இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். அன்று போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுக் குந்திக்கிறேன். ஆடி மாசம், ஏரில கடேசித் தண்ணி. என் மொற ஞாயித்துக்கெழமையில வந்துச்சி. நான் மம்முட்டியத் தொடல. இங்க வந்து பாட்டு பாடிகினு இருந்தேன். அங்க ஆண்டவரு என் கழனிக்கு மடைய வெட்டி வுட்டுகினு இருந்தாரு. மனுசங் கை படாத தண்ணியில வெளஞ்ச நெல்லு சாமி இது.”

சபை முழுக்க “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்றது. என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பெண்கள் பக்கத்தில் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தண்ணீரில் மனிதக் கை பட்டிருந்தது. அந்தக் கை என்னுடையது.

இந்தத் தொடரில் இதுவரை எவ்வளவோ எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டேன். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இனியும் தள்ளினால் என்னோடு போய்விடும். போகட்டுமே என்றும் தோன்றுகிறது. ஆனால் மனசு கேட்கவில்லை.

வேதக்காரர் வீடு

தாத்தா பெயர் தேவசகாயம். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘வேதக்காரர்’ என்பார்கள். கிறிஸ்தவர்கள் நாலைந்து குடும்பம் இருந்தும் அவர் ஒருவர்தான் வேதக்காரர். மற்றவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேதக்காரர்கள் என்று அம்மா சொல்வாள்.

ஒன்றரைக் காணி நன்செய். ஒரு ஜோடி மாடு. மலை தெரிகிற தூரத்தில், ஏரிக்குக் கீழே கழனி. அப்போது எங்கள் பகுதி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தாத்தா ஜெபம் செய்வது புத்தகத் தமிழில். மாட்டைத் திட்டுவது மட்டும் தெலுங்கில். தமிழில் திட்டினால் ஆண்டவருக்குப் புரிந்துவிடும் என்று பயம்.

அவரை ரொம்பவும் பக்திமான் ஆக்கிவிடவும் எனக்கு இஷ்டமில்லை. பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். கொர் கொர் என்று குறட்டை வேறு. உபதேசியார் பின்னாலிருந்து முதுகில் தட்டுவார். பாட்டு என்றால் முழித்துக்கொள்வார். முதல் குரல் அவருடையதுதான். ராகம் எங்கே போனாலும் இவர் போகிற வழியிலேயே போவார்.

அப்பா அவருக்கு ஒரே பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து எங்கோ போயிருந்தார். எப்போதாவது ஒரு கடுதாசி வரும், அதிலும் பாதிக்கு யுத்தத் தணிக்கைக்காரர்கள் மை பூசி அடித்திருப்பார்கள். வீட்டில் தாத்தா, அம்மா, நான், என் இரண்டு தம்பிகள். நான் எட்டாவது தேறி, சபைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது பதினேழு. வாய் மட்டும் நாற்பது வயசுக்காரியுடையது.

சனிக்கிழமை சாயங்காலம் தாத்தா மாடுகளைக் குளிப்பாட்டுவார். மம்முட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரோரம் படுக்க வைப்பார். “திங்கக்கெழம வரைக்கும் நீயும் படு” என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவார். ஞாயிறு அன்று விறகு பிளக்கக் கூடாது, கூலியாள் வைத்தும் கழனியில் கை வைக்கக் கூடாது. காய்கூட சனிக்கிழமையே நறுக்கி வைத்துவிட வேண்டும்.

“ஒங்க தாத்தாவுக்கு ஓய்வு நாளு. எனக்கு ஓயாத நாளு” என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருதரம் கேட்டேன். எனக்கு எப்போதும் எதிர்க்கேள்விதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“எங்க அப்பன் ஆண்டை வூட்டுல வருசம் முச்சூடும் வேல செஞ்சவன். காய்ச்சல் வந்தாலும் போவணும், சாவு வுழுந்தாலும் போவணும். வேதத்துக்கு வந்தப்புறந்தான் ஏழுல ஒரு நாளு அவனுதாச்சி. அந்த ஒரு நாளுக்காவ அடியும் வாங்கிகினான். அத்த நான் ஒரு மடைத் தண்ணிக்கு வித்துத் துன்ன மாட்டேன்.”



நாள் மாற்று

பக்கத்துக் கழனி சுப்பராயலு மாமாவுடையது. தெலுங்குக்காரர். தாத்தாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார். மாதக் கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவர். கிருத்திகை அன்று அவரும் மண்ணைத் தொடமாட்டார்.

ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஊரில் முறை போட்டுவிடுவார்கள். இன்னாருக்கு இன்ன நாள். உன் நாளில் நீ உன் மடையை வெட்டிக்கொள்ளலாம். வெட்டாவிட்டால் தண்ணீர் கால்வாயோடு போய் ஓடையில் விழும். யாருக்காகவும் மதகு காத்திருக்காது.

தாத்தாவின் முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் சுப்பராயலு மாமா அந்த நாளை எடுத்துக்கொண்டு தன் நாளைக் கொடுப்பார். அவர் முறை கிருத்திகையில் வந்தால் தாத்தா அதை எடுத்துக்கொள்வார். கிருத்திகை அன்று மாமாவின் மாடுகளுக்கு வைக்கோல் போடுவதும் தாத்தாதான். எந்தப் பஞ்சாயத்தும் இதற்கு இருந்ததில்லை. ஒருவர் சாமி நாளை இன்னொருவர் காத்தார், அவ்வளவுதான்.

தாத்தா மலை ஏறியதில்லை. ‘அரோகரா’ சொன்னதும் இல்லை. ஆனால் காவடிகள் எங்கள் ஊர் வழியாகப் போகும்போது தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஒருதரம் உபதேசியார் இதைக் குறையாகச் சொன்னார். “அவுங்க வெயில்ல நடக்கறாங்க, நான் நெழல்ல நிக்கறேன். இதுகூடவா தப்பு?” என்று தாத்தா கேட்டுவிட்டார்.

இரண்டு சாமியும் ஒரே நாளில்

அந்த வருஷம் சொர்ணவாரிப் போகத்து நெற்பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற சமயம். மழை இல்லை. ஏரி அடியில் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஞாயிறு சாயங்காலத்தோடு மதகை அடைத்துவிடுவது, மிச்சத்தை ஆடுமாட்டுக்கு விட்டுவிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஞாயிறு தாத்தாவின் முறை. அதற்கு முந்திய நாள் சுப்பராயலு மாமாவுடையது.

மாற்றிக்கொள்ளலாம் என்றால், அந்த ஞாயிறுதான் ஆடிக் கிருத்திகை.

சுப்பராயலு மாமா எங்கள் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இன்னா நைனா பண்றது? கிருத்திக வந்து ஞாயித்துக்கெழமையில குந்திகிச்சே. பையனுக்கு வைசூரி எறங்கனா காவடி எடுக்கறதா வேண்டிகினேன். போவலன்னா சாமி குத்தமாயிடும். நீ வேணும்னா என் தண்ணில பாதி எடுத்துக்கோ.”

“பாதி தண்ணில ஒன் பயிரும் பொழைக்காது, என் பயிரும் பொழைக்காது. நீ ஒன்னுத முழுசா பாய்ச்சிகினு போய்ட்டு வா” என்றார் தாத்தா.

“அப்ப ஒன் பயிரு?”

“குடுத்தவரு பாத்துக்குவாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசிக்கு ரேஷன் போட்டிருந்த காலம். கேழ்வரகுக் கூழைக் குடிக்கமாட்டேன் என்று சின்னத் தம்பி உருண்டு புரள்வான். கழனியில் நிற்பது எங்கள் ஐந்து பேரின் சோறு. அது காய்ந்தால் அடுத்த போகம் வரை என்ன செய்வோம் என்று அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கிறவள் நான்தான். அன்று நானும் கேட்கவில்லை. மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு விடிந்தும் விடியாமல் எழுந்தேன். “கோயிலப் பெருக்கப் போறேம்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊரே முந்தின நாள் சாயங்காலமே மலைக்குப் போய்விட்டது. தெருவில் நாய்கள்தான் இருந்தன. தாத்தாவின் மம்முட்டியைத் தொட்டால் தெரிந்துவிடும். சுப்பராயலு மாமாவின் மாட்டுக்கொட்டகையில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

கால்வாயில் தண்ணீர் எங்கள் வரப்பை உரசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தண்ணீர்தான். எங்கள் நாள்தான். யார் பங்கையும் நான் திருடவில்லை. கரையில் ஒரு இடத்தில் நண்டு வளை இருந்தது. மண் இளகியிருந்ததால் அங்கேயே வெட்டினேன். நாலே வெட்டு. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே இறங்கியது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது பாவம் செய்கிற நினைப்பே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மம்முட்டியை இருந்த இடத்தில் வைத்து, கைகால் கழுவி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, தாத்தாவுக்கு முன்னால் கோயிலில் போய் உட்கார்ந்தேன். எல்லாப் பாட்டும் பாடினேன்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் மடையை அடைத்துவிட வேண்டும். தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால், சுப்பராயலு மாமாவின் ஆள் யாராவது செய்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம். வாசலில் ஐயர் வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சரியாக வரவில்லையாம். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

ஞாயிறு மத்தியானம் தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் ஒரு நடை போய்வருவார். பார்ப்பது வேலையில் சேராது என்பது அவர் சட்டம். நான் போய்ச் சேருவதற்குள் அவர் அங்கே இருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன்

தாத்தா மாற்று இல்லாத ஒரே ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு, சேற்றில் முட்டி போட்டிருந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக் கழனியைக் காட்டினார்.

“எஸ்தரு! பாத்தியாம்மா! தானா ஒடச்சிகினுகீதும்மா! ஒரு ஈ காக்கா இல்ல. ஊரே மலைமேல கீது. நம்ம கோயில்ல கீறோம். யாரு வெட்டுவாங்க? சொல்லு, யாரு வெட்டுவாங்க?”

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அது மட்டும் காரணம் என்றால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். இன்னொரு கணக்கும் ஓடியது. உண்மை தெரிந்தால் அந்த நெல்லை அவர் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். ஓய்வு நாளில் பாய்ச்சிய பயிரை மாட்டுக்குப் போட்டாலும் போடுவார், எங்கள் தட்டில் விழ விடமாட்டார். அறுத்து, அடித்து, குதிரில் கொட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மடையை அவர் அடைக்கவும் இல்லை. “அவரு தொறந்தத நான் மூடறதா?” என்றார். சாயங்காலம் மதகை அடைக்கிற வரை தண்ணீர் பாய்ந்தது. பயிர் பிழைத்தது.

குதிர் நிறைந்தது. அதற்குள் சாட்சியும் சொல்லியாகிவிட்டது. பிறகு பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அரக்கோணம் வரைக்கும் ரயிலில் அழைத்துப்போய்ப் பேச வைத்தார்கள். எழுத்து தெரியாத கிழவர், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, “எனக்குப் பேசத் தெரியாது” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். இனிமேல் எங்கே சொல்வது?

மறு வருஷம்

மறு வருஷமும் வானம் பொய்த்தது. மறுபடியும் கடைசித் தண்ணீர். மறுபடியும் தாத்தாவின் முறை ஞாயிறு. இந்தத் தடவை கிருத்திகை இல்லை.

வெள்ளிக்கிழமையே சுப்பராயலு மாமா வந்தார். “நைனா, நாளைக்கு என் மொற. நீ எடுத்துக்கோ. ஞாயித்துக்கெழம நான் பாய்ச்சிக்கறேன். எப்பவும் போல.”

தாத்தா சிரித்தார். “வேணாம் சுப்பராயலு. போன வருசம் வுட்டவரு இந்த வருசம் மறந்துடுவாரா? மாத்திகினா அவர நம்பலன்னு ஆயிடும்.”

“சாமிய சோதிக்காத நைனா.”

“நான் எங்க சோதிக்கறேன்? நான் சும்மாதான் இருக்கப்போறேன்.”

நான் அங்கேதான் இருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு கழனியும் நனைந்திருக்கும். ஞாயிறு காலையில் போன வருஷம் மாதிரியே வெட்டிவிட்டால் போகிறது என்று இருந்துவிட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. அது அப்படித்தான் போகும்.

விடியற்காலை போய்ப் பார்த்தால் வரப்பில் கூட்டம்! வேதக்காரர் மடை தானாக உடைவதைப் பார்க்க ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தவர்கள், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து நடந்தே வந்த இரண்டு பேர். யாரும் கேலியாக வரவில்லை. அதுதான் கொடுமை. உண்மையாகவே பார்க்க வந்திருந்தார்கள்.

நான் திரும்பி வந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

ஆராதனை முடிந்து தாத்தா நேரே கழனிக்கு வந்தார். சபையும் பின்னாலேயே வந்தது. கால்வாயில் தண்ணீர் ஒரு சாண் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மண் வெடித்துக் கிடந்தது. கரை கல்லாக இருந்தது. தாத்தா கரைமேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. வந்தவர்களில் ஒவ்வொருவராக எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

சுப்பராயலு மாமாவால் தாங்க முடியவில்லை. மம்முட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “நைனா, நான் வெட்டறேன். நீ அந்தாண்ட திரும்பிக்கோ. பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

தாத்தா மடைமேல் போய் நின்றுகொண்டார். “வெட்டாத சுப்பராயலு. அவரு வெட்டணும்.”

பத்தடி தூரத்தில் நான் நின்றேன். “போன வருஷம் வெட்டியவள் நான்தான்” என்று கத்தியிருக்கலாம். ஊர் சிரிக்குமே என்ற பயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. நானும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, இந்த ஒருதரம் நிஜமாகவே உடைத்துவிடும், என் பொய் மெய்யாகிவிடும், நான் தப்பித்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்திலேயே பேராசைக்காரி நான்தான்.

சாயங்காலம் மதகை அடைத்தார்கள். கால்வாயில் தண்ணீர் வடிந்து மண் தெரிந்தது. தாத்தா மடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார். 

பயிர் பத்து நாளில் சருகானது. மாட்டை அவிழ்த்து மேய விட்டார்கள்.

கடைசிப் பாய்

பசியை எப்படியோ சமாளித்தோம். கூழ் குடிக்கமாட்டேன் என்ற தம்பி குடிக்கப் பழகிக்கொண்டான். அதைப் பற்றி நான் இங்கே புலம்பப் போவதில்லை.

தாத்தா கோயிலில் கடைசிப் பாய்க்குப் போய்விட்டார். வாசலை ஒட்டி, செருப்புகள் கிடக்கிற இடம். பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. பிரசங்கத்தில் தூங்குவதும் நின்றுவிட்டது. திருவிருந்துக்கு எல்லோரும் பீடத்தண்டை போகும்போது இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஐயர் வீட்டுக்கே வந்து கேட்டார். “எனக்குத் தகுதி இல்லீங்க. எங்கிட்ட எதுவோ தப்பு கீது. இன்னான்னு தெரியல. தெரிஞ்சாதான வுட முடியும்?” என்றார்.

அந்தத் தப்பைத் தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் தோண்டிப் பார்த்தார். பொடி போடுவதை விட்டார். மாட்டைத் திட்டுவதை விட்டார், மாடு ஒன்றும் புரியாமல் நின்றது. இருபது வருஷமாகப் பேசாமல் இருந்த பங்காளி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அறுப்பின் பண்டிகையில் பெருமை பேசியதுதான் குற்றமோ என்று தன் சாட்சியைக் கேட்ட ஒவ்வொரு ஊருக்கும் நடந்துபோய், “அன்னிக்கு நான் பேசனது கர்வம். மனசுல வெச்சிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். சுப்பராயலு மாமாவிடமும் கேட்டார். “எங்கிட்ட போயி ஏன் நைனா?” என்று மாமா அழுதுவிட்டார்.

இதற்குப் பிறகு மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். மூன்று வருஷமும் கடைசிப் பாய்தான்.

என் முறை

எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தார். நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, ஐயர் முன்னால் நிற்பதுபோல என் முன்னால் நின்றார்.

“எஸ்தரு, ஒனக்கு ஆறேழு வயசிருக்கும். கெணத்து மேட்டுல ஏறி வெளயாடனன்னு பூவரச வெளாரால அடிச்சேன். நெனப்பு கீதா?”

“இல்ல தாத்தா.”

“ரத்தம் வந்துச்சி. எனக்கு நெனப்பு கீது. கோவத்துல அடிச்சிட்டேன். மன்னிச்சிடும்மா.”

இதைக் கேட்டபிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷியா? கையிலிருந்த சிலேட்டைக் கீழே வைத்தேன்.

“தாத்தா, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. ஆண்டவரு ஒன்ன வுடவும் இல்ல. மொத வருஷம் மடைய வெட்டனது நான்தான்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

“நீ அன்னிக்கு கோயில்ல என் எதுருலதான குந்திகினு இருந்த? வெள்ளப் பொடவ. ஒரு பொட்டு சேறு இல்ல. மொதப் பாட்டுலேர்ந்து கடேசி வரைக்கும் பாடன.”

“அதுக்கு முன்னாடியே போயி வெட்டிட்டேன் தாத்தா. விடியக்காலம்.”

“விடியக்காலம் நீ கோயிலப் பெருக்கப் போன. ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போன.”

“அது பொய் தாத்தா.”

“அது பொய்யின்னா, இது மட்டும் எப்பிடிம்மா நெசமாவும்?”

 மம்முட்டியைச் சொன்னேன். நண்டு வளையைச் சொன்னேன். “நண்டு வளையிலதான் ஒடஞ்சிதுன்னு நானே ஊரு பூரா சொல்லிகீறேனே” என்றார். அழுதேன். சத்தியம் செய்யக் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கெழவன் படற பாடு ஒனக்குப் பொறுக்கல. அதான் ஒன் தலைமேல போட்டுக்கற. ஆங், தெரியும்மா எனக்கு. எனக்காவ நீ பொய் சொல்லாத. அந்தப் பாவத்தையும் நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?”

பிடித்த கையை விடாமலே மெள்ள மண்ணில் முட்டி போட்டார். அவருக்கு முட்டிவலி உண்டு. என்னையும் இழுத்தார். நானும் முட்டி போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, பல மாதம் கழித்து முதல் தடவையாக வாய்விட்டு ஜெபித்தார்.

“ஆண்டவரே, இது கொழந்த. எம்மேல கீற பாசத்துல பொய் சொல்லிடுச்சி. இத இதுமேல சுமத்தாதேயும். எம்மேல இருக்கறதோட இதையும் சேத்து வெச்சிடும். ஆமென்.”

எங்கள் வீட்டில், உடன் ஜெபிக்கிறவர்களும் ‘ஆமென்’ சொன்னால்தான் ஜெபம் முடியும். அவர் கண்ணைத் திறக்காமல் எனக்காகக் காத்திருந்தார். 

“சொல்லும்மா” என்றார்.

“ஆமென்” என்றேன்.